கயாசுரன் செய்த பிழைதான் என்ன?

வெண்ணாற்றங்கரை:
போன மாதம் கயாவுக்குப் போய் அம்மாவுக்குப் பிண்டம் வைத்துவிட்டு வந்தேன். வந்து மூன்று வாரம் ஆகிறது, ஒரு விஷயம் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. இங்கே விஷயம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

விஷ்ணுபதம் கோயிலில் பாறையில் பதிந்த ஒரு பாதம் இருக்கிறது. முழம் போட்டுப் பார்த்தால் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். சுற்றிலும் வெள்ளி விளிம்பு. பிண்டத்தை அந்தப் பாதத்தின் மேல்தான் வைக்கிறோம். எங்களுக்குச் செய்துவைத்த புரோகிதர் தமிழ்க்காரர். "இந்தப் பாதத்துக்குக் கீழே ஒரு அசுரனுடைய தலை இருக்கிறது, அவன் பெயர்தான் இந்த ஊருக்கு" என்றார். பிறகு கதையைச் சொன்னார்.

கயன் என்ற அசுரன் கடும் தவம் செய்தான். எல்லாத் தீர்த்தங்களையும்விடத் தன் உடம்பு புனிதமாக இருக்க வேண்டும் என்று வரம் வாங்கினான். அவனைப் பார்த்தவர்கள், தொட்டவர்கள் எல்லோரும் நேராக வைகுண்டம் போனார்கள். எமனுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. தேவர்கள் கூடிப் பேசி, யாகம் செய்ய உன் உடம்பைக் கொடு என்று பிரம்மாவை விட்டுக் கேட்க வைத்தார்கள். அவனும் படுத்துக்கொண்டான். அவன் தலைமேல் கல்லை வைத்தார்கள். அப்படியும் உடல் அசைந்ததால் கடைசியில் விஷ்ணுவே வந்து பாதத்தை ஊன்றினார்.

இதில் அவன் செய்த பிழை எது? யாரையும் கொல்லவில்லை, யார் மனைவியையும் தூக்கிப் போகவில்லை, தேவலோகத்தைக் கேட்கவில்லை. புரோகிதரிடம் கேட்டேன். அடுத்த குழு காத்திருந்தது, "அது பகவத் சங்கல்பம்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்.

சோழமண்டலம்:
இது நம் பக்கத்துக் கதைதானே? வழுவூரில் சிவன் தோலை உரித்துப் போர்த்திக்கொண்டது கயாசுரனைத்தானே. அவன் முனிவர்களைத் துன்புறுத்தினான், அதனால் சம்ஹாரம். பிழை இல்லாமல் எப்படி?

ஏட்டுச்சுவடி:
சோழமண்டலம் அவர்களே, இந்தக் குழப்பம் தமிழில் மட்டும் வருவது. வடமொழி 'கஜம்' நம் இலக்கியத்தில் 'கயம்' ஆகிவிட்டது. அதனால் யானை அசுரனும் 'கயாசுரன்' என்றே எழுதப்படுகிறான். வழுவூரில் உள்ளவன் கஜாசுரன், அட்ட வீரட்டத் தலக் கதை. திருச்செங்காட்டங்குடியில் பிள்ளையார் அழித்தவன் கயமுகாசுரன், அவனுக்கும் யானை முகம். வெண்ணாற்றங்கரை கேட்பது கயா ஊரில் உள்ளவனைப் பற்றி. அவன் பெயரே கயன். யானைக்கும் அவனுக்கும் தொடர்பு கிடையாது.

கயாவின் தலபுராணம் 'கயா மாகாத்மியம்'. வாயு புராணத்தோடு சேர்ந்து கிடைக்கிறது. அதில் உள்ளபடி கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வாய்மொழியாகக் கேட்கும்போது முக்கியமான இடம் ஒன்று விட்டுப்போகிறது.

கயன் உருவம் 125 யோசனை (பழைய தூர அளவு) உயரம், 60 யோசனை பருமன் என்கிறது நூல். கோலாகலம் என்ற மலையில் தவம். அவன் அசுரன்தான், ஆனால் விஷ்ணு பக்தன். பிரம்மா உடம்பைக் கேட்டு வந்தபோது அவன் சொன்னது மறுப்பு இல்லை. "என் பிறவி பயன்பெற்றது, என் உடம்பில் பிரம்மா யாகம் செய்கிறார் என்றால் இதற்குமேல் என்ன வேண்டும்" என்ற பொருளில்தான் பேசுகிறான். உடனே மலைச் சரிவில் சாய்ந்து படுக்கிறான். யாகம் நடக்கிறது. முடிந்த பிறகும் உடல் அசைகிறது.

அப்போது எமனுடைய வீட்டில் இருந்த ஒரு கல்லைக் கொண்டுவந்து தலையில் வைக்கிறார்கள். அதுவும் வெறும் கல் இல்லை. தர்மனின் மகள் தர்மவிரதை, மரீசி முனிவரின் மனைவி, கணவன் சாபத்தால் கல்லானவள். பிழை செய்யாமல் சபிக்கப்பட்ட பெண். அதுவும் போதவில்லை, தேவர்கள் எல்லோரும் அந்தக் கல்லின் மேல் ஏறி நிற்கிறார்கள். அப்போதும் ஆட்டம் நிற்கவில்லை. கடைசியில் விஷ்ணு கதாயுதத்தோடு வந்து நிற்கிறார், அதனால் அங்கே அவர் பெயர் கதாதரன்.

அந்த நேரத்தில் கயன் பேசும் பேச்சுதான் நான் சொல்ல வந்தது. "என்னை ஏன் ஏமாற்றினீர்கள்? தூய்மையான என் உடம்பை யாகத்துக்கு என்று பிரம்மாவுக்கு நானே கொடுத்தேன். விஷ்ணு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலே அசையாமல் இருந்திருப்பேனே, எதற்கு இந்தக் கதாயுதத்தால் துன்புறுத்துகிறீர்கள்?"

வெண்ணாற்றங்கரை, உங்கள் கேள்வியை அவனே கேட்டுவிட்டான். புராணம் அதை மறைக்காமல் எழுதியும் வைத்திருக்கிறது.

மாவலியின்பேரன்:
படிக்கும்போதே நெஞ்சு கனக்கிறது. மகாபலி கதையும் இதேதானே? கொடுக்கிற கையைப் பார்த்துக் கேட்டார்கள். கேட்டதற்கு மேல் எடுத்தார்கள். அங்கேயும் தலைமேல் பாதம், இங்கேயும் தலைமேல் பாதம். இரண்டு பேருமே விஷ்ணு பக்தர்கள். அசுரர்களில் யார் நல்லவனாக இருந்தானோ அவனைத்தான் கெஞ்சிக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். கெட்டவனைச் சண்டை போட்டுக் கொன்றுவிடலாம். நல்லவனைக் கொல்லக் காரணம் கிடைக்காது, அதனால் தானம் கேட்கிறார்கள். எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது.

அகல்விளக்கு:
தம்பி, உங்கள் கோபம் புரிகிறது. எனக்கு எழுபது வயதாகிறது, இந்தக் கதையை நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன்.

ஒருவன் ஊரை ஏமாற்றிப் பிழைக்கிறான், வயதான பெற்றோரைத் தெருவில் விடுகிறான். சாகும் நேரத்தில் கயனைப் பார்த்தால் போதும், வைகுண்டம். அப்படியென்றால் ஒழுங்காக வாழ்ந்தவனுக்கு என்ன மரியாதை? எமனுக்குத் தர்மராஜன் என்று பெயர், அவன் வேலை நின்றால் நியாயத் தீர்ப்பு நின்றுவிடும். கயன் பிழை செய்யவில்லை, ஒத்துக்கொள்கிறேன். அவன் வாங்கிய வரம் உலகத்தால் தாங்க முடியாத வரம். பிழை செய்யாதவனாலும் ஒரு கேடு வரலாம் என்று சொல்வதால்தான் இந்தக் கதை மற்ற அசுரக் கதைகளைவிட எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இன்னொன்று. நம் ஊரிலும் அசுரனைத் தள்ளி வைப்பதில்லை. பழனியில் இடும்பனை வணங்கிவிட்டுத்தான் மேலே போகிற வழக்கம். திருச்செந்தூரில் சூரபத்மன் சேவலாகவும் மயிலாகவும் முருகனோடேயே இருக்கிறான்.

மாவலியின்பேரன்:
ஐயா, உலகத்துக்கு ஆகாத வரம் என்றால் கொடுத்தவர் தானே திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும்? யாகத்துக்கு என்று சொல்லிக் கேட்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. உண்மையைச் சொல்லிக் கேட்டிருந்தாலும் அவன் கொடுத்திருப்பான். ஏட்டுச்சுவடி எழுதிய அந்த வசனமே அதைத்தான் சொல்கிறது.

அகல்விளக்கு:
அதை நான் மறுக்கவில்லை தம்பி. அந்த வசனத்தை இன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறேன். யோசிக்க வைக்கிறது.

கோதாவரிப்பேத்தி:
என் பாட்டி ஊர் ஆந்திராவில் பிட்டாபுரம். அங்கே கயாசுரனின் பாதம் இருக்கிறது! தலை கயாவில், தொப்புள் ஒடிசாவில் ஜாஜ்பூர் விரஜா தேவி கோயிலில், பாதம் பிட்டாபுரத்தில். சிரோ கயா, நாபி கயா, பாத கயா என்று மூன்றுக்கும் பெயர். ஜாஜ்பூரில் கோயிலுக்குள்ளேயே ஒரு கிணறு, அதில் பிண்டம் போடுகிறார்கள். எங்கள் ஊரில் குக்குடேஸ்வரர் கோயில் குளம்தான் பாத கயா. பீகாரிலிருந்து கோதாவரிப் பக்கம் வரை ஒரே உடம்பு என்று பாட்டி கையை நீட்டிக் காட்டுவார். சின்ன வயதில் ரயிலில் போகும்போது அவன் மேல்தான் போகிறோம் என்று நினைத்துக்கொள்வேன்.

அங்கே சொல்கிற கதை வேறு. யாகம் ஏழு நாள். அதுவரை அசையாமல் கிடக்க வேண்டும், அசைந்தால் உயிர் போகும் என்று நிபந்தனை. கயன் கோழி கூவுவதை வைத்து நாளை எண்ணிக்கொண்டு அசையாமல் கிடந்தான். ஆறு நாள் போய்விட்டது. ஏழாம் நாள் நள்ளிரவில் சிவன் சேவலாக மாறிக் கூவிவிட்டார். விடிந்துவிட்டது, யாகம் முடிந்தது என்று நம்பி அவன் எழுந்தான். அதனால்தான் அங்கே சிவனுக்குக் குக்குடேஸ்வரர் என்று பெயர், லிங்கமும் சேவல் உருவம் என்றே கும்பிடுகிறார்கள்.

மாவலியின்பேரன் சொன்னதை வைத்துப் பார்த்தால் எங்கள் ஊர்க் கதையில் ஏமாற்றம் இன்னும் பச்சையாக இருக்கிறது. ஆனால் பாட்டி அந்த இடத்தில் கதையை நிறுத்தமாட்டார். "எழுந்தவனுக்கு விஷயம் புரிந்தது. கோபப்படவில்லை, சிரித்தான்" என்பார். இது எந்தப் புராணத்தில் இருக்கிறது என்று கேட்காதீர்கள், இது பாட்டி சொன்னது.

கல்வெட்டுப்பித்தன்:
கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். 'கயனின் தலை' என்ற பெயர் அசுரக் கதையைவிடப் பழையது. வேதச் சொற்களுக்குப் பொருள் சொல்லும் பழைய நூலான யாஸ்கரின் நிருக்தத்தில் விஷ்ணுவின் மூன்று அடிகளுக்கு ஔர்ணவாபர் என்ற ஆசிரியர் சொல்லும் விளக்கம் வருகிறது: சமாரோகணம், விஷ்ணுபதம், கயசிரஸ் (கயனின் தலை). பாலி நூல்களில் 'கயாசீசம்' ஒரு குன்று. அங்கேதான் புத்தர், முன்பு சடாமுடித் துறவிகளாக இருந்த ஆயிரம் பிக்குகளுக்கு 'எல்லாம் எரிகிறது' என்ற உபதேசத்தைச் செய்தார். இன்றைய பிரம்மயோனி மலைதான் அது. குளிர்கால இரவில் சடிலர்கள் (சடாமுடித் துறவிகள்) கயாவில் மூழ்கி எழுவதையும் பாலி நூல்கள் சொல்கின்றன. ஆக, நீராடும் தலமாக அது புத்தர் காலத்திலேயே பெயர் பெற்றிருந்தது.

இதிகாசங்களில் கயன் அசுரன் இல்லை, அரசன். மகாபாரத வனபர்வத்தில் அமூர்த்தரயஸின் மகன் கயன் செய்த யாகத்தைப் புகழ்ந்து பேசுகிறார்கள். வால்மீகியின் அயோத்தியா காண்டத்தில் ராமன் பரதனிடம், கயையில் வேள்வி செய்த கயன் பித்ருக்களை நினைத்துச் சொன்னதாக ஒன்றை எடுத்துக் காட்டுகிறான். பல பிள்ளைகளை விரும்பு, அவர்களில் ஒருவனாவது கயைக்குப் போவான் என்பது அதன் கருத்து. யாகம் செய்த அரசன், பின்னால் தன் உடம்பையே யாகசாலையாகக் கொடுத்த அசுரன் ஆகிவிட்டான் என்று எனக்குத் தோன்றுகிறது.

19-ஆம் நூற்றாண்டில் வங்க ஆய்வாளர் ராஜேந்திரலால் மித்ரா வேறொரு விளக்கம் சொன்னார். கயாசுரன் என்பது பௌத்தம், எளிதாக முக்தி தருகிறேன் என்று வந்த சமயம், அதை அமுக்கிய கதைதான் இது என்று 1878-இல் வெளிவந்த தன் புத்தகத்தில் எழுதினார். பிழை இல்லாதவனை ஏன் அமுக்கினார்கள் என்ற கேள்விக்கு இது ஒரு பதில்.

ஏட்டுச்சுவடி:
மித்ராவின் விளக்கம் கேட்க நன்றாக இருக்கிறது, நானும் ஒரு காலத்தில் அதை நம்பினேன். ஆனால் அதே கயா மாகாத்மியம் யாத்திரைக்காரனைப் போதிமரத்தடிக்கு அனுப்புகிறது. தர்மனையும் தர்மேசுவரரையும் வணங்கி மகாபோதி மரத்தையும் வணங்கு என்கிறது. இன்றும் முழு கயா சிராத்தம் செய்கிறவர்கள் புத்தகயா பக்கத்தில் தர்மாரண்யம், மதங்கவாபி வரை போய்ப் பிண்டம் வைக்கிறார்கள். அமுக்கப்பட்ட எதிரியின் மரத்தை யாராவது கும்பிடச் சொல்வார்களா? கயாவைப் பற்றி எழுதிய ஆய்வாளர் பேணிமாதவ் பருவாவும் மித்ராவின் கருத்தை ஏற்கவில்லை. நீங்கள் சொன்ன அரசன் அசுரனான வழிதான் எனக்கும் பொருத்தமாகப் படுகிறது.

கல்வெட்டுப்பித்தன்:
போதிமரம் விஷயம் பலமான ஆதாரம்தான். அதை ஏற்கிறேன்.

வெண்ணாற்றங்கரை:
இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. நான் ஏன் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

கயாவில் அம்மாவுக்கு மட்டும் தனியாகப் பதினாறு பிண்டம் உண்டு, மாத்ரு ஷோடசி. ஒவ்வொரு பிண்டத்துக்கும் ஒரு சுலோகம். ஒவ்வொன்றிலும் அம்மா பட்ட ஒரு கஷ்டம். என்னைச் சுமந்துகொண்டு மேடு பள்ளத்தில் நடந்தாளே, அதற்கு ஒன்று. பிரசவ வலிக்கு ஒன்று. எனக்காகக் கசப்பு மருந்தைத் தின்றதற்கு ஒன்று. ராத்திரி நான் நனைத்த படுக்கையில் அவள் கிடந்ததற்கு ஒன்று. புரோகிதர் ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லச் சொல்ல எனக்கு ஆறாவது பிண்டத்துக்கு மேல் கை நகரவில்லை. பக்கத்தில் இருந்த, முகம் தெரியாத ஒரு மனிதர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவரும் அழுதுகொண்டிருந்தார்.

இத்தனை பேர் அழுது இறக்கி வைக்கிற பாரமெல்லாம் யார் தலைமேல் போய் உட்காருகிறது? அவன் தலைமேல். உடம்பைக் கொடுத்தபோது அவன் கேட்ட வரம் என்ன என்று ஏட்டுச்சுவடி அவர்கள் எழுதினால் நன்றாக இருக்கும். புரோகிதர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

ஏட்டுச்சுவடி:
எழுதியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். பூமியும் மலைகளும் சந்திர சூரியரும் நட்சத்திரங்களும் உள்ளவரை மும்மூர்த்திகளும் தேவர்களும் இந்தக் கல்லை விட்டுப் போகக் கூடாது. இந்தத் தலம் என் பெயரில் வழங்க வேண்டும். இங்கே பிண்டம் வைப்பவர்கள் தங்கள் முன்னோர்களோடு பிரம்மலோகம் போக வேண்டும். கேட்டது இவ்வளவுதான். கயாக்ஷேத்திரம் ஐந்து குரோசம் (இதுவும் பழைய தூர அளவு), கயாசிரஸ் ஒரு குரோசம் என்று எல்லையும் சொல்கிறது நூல்.

கவனித்தீர்களா? அவன் முதலில் வாங்கிய வரமும் மற்றவர்கள் கரையேறுவதற்குத்தான், கடைசி வரமும் அதற்குத்தான். முன்பு அவனைப் பார்த்தால் போதும், கேட்பாரில்லை. இப்போது பிள்ளை கிளம்பி வந்து பெயர் சொல்லிப் பிண்டம் வைக்க வேண்டும். அகல்விளக்கு ஐயாவின் கவலைக்கும் இதில் பதில் இருக்கிறது.

அகல்விளக்கு:
ஆமாம். இதுதான் எனக்கு விட்டுப்போயிருந்த கண்ணி. வரத்தைப் பறிக்கவில்லை, அதற்கு ஒரு கடமையைச் சேர்த்திருக்கிறார்கள்.

கோதாவரிப்பேத்தி:
கயாவில் ஒரு நாள்கூடப் பிண்டம் விழாமல் இருக்கக் கூடாது, இருந்தால் கயன் எழுந்துவிடுவான் என்று அங்கே நம்புகிறார்கள். 2020-இல் பித்ருபட்ச (நம் மகாளயபட்சம்) மேளாவை ரத்து செய்தார்கள் அல்லவா, அப்போது எனக்கு முதலில் இந்த நம்பிக்கைதான் ஞாபகம் வந்தது.

அப்புறம் ஒரு நல்ல செய்தி. 2025 மே மாதம் பீகார் அரசு ஊர்ப் பெயரை 'கயா ஜி' என்று மாற்றியது. அசுரன் பெயருக்கு மரியாதை விகுதி! மாவலியின்பேரனுக்கு இது கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

மாவலியின்பேரன்:
இருக்கிறது, அக்கா.

கீரிமலைக்காற்று:
வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். இந்த இழையை இரண்டு நாளாக வாசித்துக்கொண்டு இருக்கிறேன். அப்பா காலமாகி ஐந்து வருடம். எங்கள் ஊரில் ஆடி அமாவாசை அப்பாவுக்கு, சித்திரா பௌர்ணமி அம்மாவுக்கு. ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் தீர்த்தமாடித் தர்ப்பணம் செய்விப்போம். அம்மாவுக்குக் கயாவுக்குப் போக வேண்டும் என்று நெடுநாள் ஆசை. நானும் அம்மாவும் மட்டும்தான் போகிறோம். பெண் பிள்ளை வைக்கலாமா என்று சொந்தக்காரர் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெண்ணாற்றங்கரை:
சகோதரி, தயங்காமல் போங்கள். கயாவில் பெண்கள் வைப்பதை நான் கண்ணால் பார்த்தேன். அங்கே சொல்கிற கதையிலேயே தசரதனுக்குப் பிண்டம் வைத்தது சீதை. ராமனும் லட்சுமணனும் பொருள் வாங்கப் போயிருந்தார்கள், நேரம் கடந்துகொண்டிருந்தது, தசரதன் கை நீட்டினார். கையில் ஒன்றும் இல்லை, பல்குனி ஆற்று மணலையே பிடித்து வைத்தாள். ராமன் திரும்பி வந்து நம்பாதபோது ஆறும் பசுவும் மற்றவர்களும் பொய் சொல்லிவிட, அட்சயவடம் என்ற ஆலமரம் மட்டும் உண்மையைச் சொன்னது. சீதையின் சாபத்தால் ஆறு மணலுக்குக் கீழே ஓடுகிறது, மரம் இன்றும் நிற்கிறது. கோயிலுக்கு எதிர்க்கரையில் சீதாகுண்டம் இருக்கிறது, அங்கே மணல் பிண்டம்தான் வைக்கிறார்கள்.

சில விஷயங்கள்: 2022 செப்டம்பரில் ஆற்றில் 411 மீட்டர் நீளத்துக்கு ரப்பர் அணை கட்டித் திறந்திருக்கிறார்கள், அதனால் படித்துறையில் இப்போது தண்ணீர் நிற்கிறது. பித்ருபட்சத்தில் கூட்டம் தாங்காது, வேறு மாதம் போங்கள். கயாவில் எல்லா நாளும் செய்யலாம். காசியிலேயே தமிழ்ப் புரோகிதரிடம் பேசி ஏற்பாடு செய்துகொண்டால் மொழிச் சிக்கல் இல்லை. தட்சிணையை முதலிலேயே வாய்விட்டுப் பேசிவிடுங்கள்.

உறவு இல்லாதவர்கள், நண்பர்கள், வீட்டில் வேலை செய்தவர்கள், வளர்த்த மாடு நாய், நிழல் தந்த மரம் என்று எல்லோருக்கும் கடைசியில் தர்ம பிண்டம் உண்டு. யார் யாரை நினைக்க வேண்டும் என்று முன்னாலேயே யோசித்து வையுங்கள். அங்கே போய் நினைத்தால் பாதிப் பேர் விட்டுப்போகிறார்கள். நான் அந்தப் பிண்டத்தில் கயனையும் நினைத்துக்கொண்டேன். சாஸ்திரத்தில் இடம் உண்டா என்று யாரையும் கேட்கவில்லை.

அட்சயவடத்தின் கீழே ஒரு காய், ஒரு பழம், ஒரு இலையை விட வேண்டும். அதற்குப் பிறகு ஆயுளுக்கும் அதைச் சாப்பிடக் கூடாது. 'காசியில் விட்டேன்' என்று நம் வீடுகளில் சொல்வது உண்மையில் கயாவில் விட்டது. பிடிக்காததை விடுவதில் பொருள் இல்லை. நான் பலாப்பழத்தை விட்டேன், அம்மாவும் நானும் சேர்ந்து உட்கார்ந்து உரிப்போம்.

கீரிமலைக்காற்று:
மிக்க நன்றி அண்ணா. மாசி மாதத்துக்குப் பயணம் பதிவு செய்துவிட்டோம்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். என் தம்பி 2009-இல் காணாமல் போனவன். தர்ம பிண்டம் பற்றி நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தம்பி பெயரை யாரும் சொல்லக் கூடாது என்றுவிட்டார். அப்பாவுக்கு மட்டும்தான் வைப்போம். கயனின் கதையைச் சொன்னபோது, "சேவல் கூவினதை நம்பி எழும்பினவனோ?" என்று கேட்டுவிட்டு நெடுநேரம் பேசவில்லை.

பிறகு மரத்தடியில் எதை விடுவது என்று பேசினோம். நான் வாழைப்பழம் என்றேன். அம்மா முருங்கைக்காய், வெற்றிலை இரண்டையும் உடனே சொல்லிவிட்டார். பழம் கேட்டபோது கொய்யா என்றார். அம்மாவுக்கு மிகவும் பிடித்தது கறுத்தக்கொழும்பான் மாம்பழம், பிடித்ததைத்தானே விட வேண்டும் என்று கேட்டேன். "அதை விட மாட்டன். வளவில இருக்கிற மரம் அவன் வைச்சது. வந்தால் என்னோட இருந்து சாப்பிடுவான்" என்றார்.